ஒன்றேகால் பவுன் உயிரின் உலகப் பயணம்

மூஞ்சூறைப் பார்க்காத தமிழ் வீடு இருக்காது. இரவில் சுவரோரமாகக் கீச்சிட்டபடி ஓடும். பிள்ளையார் கோயில்களில் சுவாமியின் காலடியில் உட்கார்ந்திருக்கும். அதன் தூரத்து உறவான அகழெலியை நாம் அவ்வளவாக அறியோம். வயல் வரப்பைக் குடையும் எலிகளுக்கும் சிலர் இந்தப் பெயரைச் சொல்வதுண்டு. அவை கொறித்துத் தின்னும் வேறு வகை. நான் சொல்லும் அகழெலி மண்ணுக்கடியில் வாழ்ந்து மண்புழுவும் பூச்சியும் தின்பது. அதன் முன்னங்கால்கள் அகன்ற மண்வாரிகளாக மாறியிருக்கும். இந்தியாவில் அது இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. மூஞ்சூறுக்கும் அகழெலிக்கும் நடுவே நிற்கும் ஓர் உயிர்தான் மூஞ்சூறு அகழெலி. பார்வைக்கு மூஞ்சூறு, பிறப்பால் அகழெலி.

அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் இனத்தின் எடை சுமார் 10 கிராம். நம் கணக்கில் ஒன்றேகால் பவுன். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 10 முதல் 12 சென்டிமீட்டர். ஆழமாகத் தோண்டத் தெரியாது. ஈரமான சருகுக்கு அடியில் மெல்லிய பாதைகள் அமைத்துக்கொண்டு, மூக்கால் தரையைத் தட்டித் தட்டி இரை தேடும். சில நிமிடம் தூங்கும், எழுந்து கொஞ்சம் ஓடும், மறுபடி தூங்கும். கண் ஏறக்குறைய உதவாது. அகழெலிக் குடும்பத்தில் பிறந்தும் புதர்களில் ஏறும். இதன் உறவினர்கள் ஜப்பானிலும் சீன மலைகளிலும் இருக்கிறார்கள். இத்தனை சிறிய ஓர் உயிர் பசிபிக் பெருங்கடலின் இரு கரையிலும் எப்படி வந்து சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை சேர ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் ஆயின. விடையின் துண்டுகளைக் கொண்டுவந்தவர்களில் பலர் இந்த விலங்கைத் தேடிப் புறப்பட்டவர்களே அல்லர்.

கதை ஒரு வணிகக் கிடங்கில் தொடங்குகிறது. நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு செயற்கைத் தீவு இருந்தது. வெளிநாட்டாருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானில் ஐரோப்பியர்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே இடம் அது. அந்த அனுமதியும் டச்சுக்காரர்களுக்கு மட்டும். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கிடங்கு வைத்திருந்த அதே டச்சு வணிகர்கள்தான். சோழமண்டலக் கரையின் துணி கிழக்கே ஜப்பானுக்குப் போனதும், ஜப்பானியச் செம்பு இந்தக் கரையில் வந்து இறங்கியதும் அவர்கள் கப்பல்களில். 1823-இல் அந்தத் தீவுக்கு மருத்துவராக வந்தார் பிலிப் ஃபிரான்ஸ் ஃபான் சீபோல்ட் என்ற ஜெர்மானியர். வைத்தியத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. நோயாளிகள் நன்றியாகப் பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். செடிகள், பாத்திரங்கள், விலங்குகள் என்று சேகரிப்பு பெருகியது. அந்நியரிடம் இருக்கக்கூடாத வரைபடங்கள் அவரிடம் இருப்பது 1828-இல் தெரியவந்து, மறு ஆண்டு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆனால் அவரும் அவருக்குப் பின் ஹைன்ரிக் பியூர்கரும் அனுப்பிய பெட்டிகள் ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தை அடைந்தன. அதன் இயக்குநர் டெமிங்க் 1841-இல் ஜப்பானின் மூஞ்சூறு அகழெலிக்கு யூரோட்ரைக்கஸ் டால்பாய்டிஸ் என்று பெயரிட்டார். ஜப்பானியர் அதை ஹிமிசு என்கிறார்கள்.

அடுத்த துண்டு ரயில் பாதையிலிருந்து வந்தது. 1853-இல் அமெரிக்க அரசு மிசிசிப்பி ஆற்றிலிருந்து பசிபிக் வரை தண்டவாளம் போட வழி தேடிப் பல குழுக்களை அனுப்பியது. வடக்கு வழிக் குழுவில் இருந்தவர் ஜார்ஜ் கிப்ஸ். சட்டம் படித்தவர்; தங்கவேட்டைக் காலத்தில் மேற்கே வந்து, பழங்குடி மொழிகளைப் பதிவு செய்வதிலேயே மனத்தைப் பறிகொடுத்தவர். அவர் 1854 ஜூலையில் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் நேச்சஸ் கணவாயில் ஒரு சிறு விலங்கைப் பிடித்தார். அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் விலங்கியலாளர் ஸ்பென்சர் பேர்டின் மேசைக்குப் போனது. ரயில் பாதை அறிக்கையின் பாலூட்டிகள் தொகுதியில், கண்டெடுத்தவர் பெயரைச் சேர்த்து, பேர்டு அதற்கு யூரோட்ரைக்கஸ் கிப்ஸி என்று பெயர் வைத்தார். அதாவது ஜப்பானிய விலங்கின் பேரினத்திலேயே அமெரிக்க விலங்கையும் சேர்த்துவிட்டார். அந்த அளவுக்கு இரண்டும் ஒத்திருந்தன.

இதே காலத்தில் ஹார்வர்டில் தாவரவியலாளர் ஏசா கிரே, ஜப்பானிலிருந்து வந்த உலர்ந்த செடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானியச் செடிகள் பலவற்றுக்கு மிக நெருங்கிய உறவு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பதைப் பார்த்து அவர் வியந்தார். முன்பு வெப்பமாக இருந்த ஒரு காலத்தில் வடபகுதி முழுவதையும் சுற்றி ஒரே காடு இருந்திருக்க வேண்டும், குளிர் வந்தபோது அது துண்டுதுண்டாகத் தெற்கே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று 1859-இல் எழுதினார். அவர் பேசியது செடிகளைப் பற்றி. அந்தக் காட்டின் சருகுக்கு அடியில் ஓடிய உயிருக்கும் அந்த விளக்கம் பொருந்தும் என்பதற்கு எலும்புகள் பிறகுதான் கிடைத்தன.

1869-இல் கத்தோலிக்க மதகுரு ஆர்மாண்ட் தாவீது சீனாவின் சிச்சுவான் மலைகளில், மூப்பின் என்று அப்போது ஐரோப்பியர் அழைத்த ஊரில் தங்கியிருந்தார். அந்த ஆண்டுதான் ராட்சத பாண்டாவை அவர் மேலை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பாண்டாவின் புகழில் அவர் அனுப்பிய மற்றவை மறைந்துபோயின. எனக்கோ அந்தச் சிறியவைதான் கூடுதல் வியப்பைத் தருகின்றன. பாரிஸில் அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் அவற்றை ஆராய்ந்து அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் வெளியிட்டார். அவற்றில் ஒன்று யூராப்சிலஸ். வெளியே தெரியும் காது மடல், ஒடுங்கிய பாதம், நீண்ட வால். தோண்டுவதற்கான எந்தத் தயாரிப்பும் உடலில் இல்லை. ஆனால் மண்டையோடும் பல்லும் அதை அகழெலிக் குடும்பத்தில் சேர்த்தன. இன்னொன்று அனூரோசொரெக்ஸ். வால் கட்டை, காது மறைந்தது, நகம் நீண்டது. அகழெலி என்று சொல்லிவிடலாம்; உண்மையில் அது மூஞ்சூறு. அகழெலியாக மாறத் தொடங்கிய மூஞ்சூறும், மூஞ்சூறாகவே நின்றுவிட்ட அகழெலியும் ஒரே மலைப்பகுதியில் வாழ்ந்து, ஒரே மனிதரின் சேகரிப்பில் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. ஒரே வேலை ஒரே மாதிரி உடலைக் கேட்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அமைவது அரிது. உருவத்தை மட்டும் நம்பி உறவு சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

அதே ஆண்டுகளில் தென்மேற்கு பிரான்சின் கேர்சி மேட்டுநிலத்தில் உர வியாபாரம் சூடுபிடித்திருந்தது. சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது 1870-ஐ ஒட்டி. கிணறு கிணறாகத் தோண்டி எடுத்து உரமாக விற்றார்கள். அந்தப் பாஸ்பேட் மண்ணோடு சேர்ந்து வந்தவை, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிளவுகளில் விழுந்த விலங்குகளின் எலும்புகள். சில பத்தாண்டுகளில் உரத்தொழில் படுத்துவிட்டது; எலும்புகள் அருங்காட்சியகங்களில் நின்றன. அவற்றை ஆராய்ந்த ஆன்ரி ஃபிலோல் 1890-இல் மிக்ஸோமைகேல் என்ற சிறு அகழெலியை விவரித்தார். அது மூஞ்சூறு அகழெலிகளின் பழைய உறவு என்று பின்வந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு மூஞ்சூறு அகழெலிகூடக் கிடையாது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றின் கூட்டம் பிரான்சில் இருந்தது. பின்னாளில் இதே பேரினத்தின் இன்னொரு இனம் கஜகஸ்தானில், ஆரல் கடலுக்கு வடக்கே, மயோசீன் என்ற பிந்திய நிலவியல் காலத்துப் படிவில் கிடைத்தது. கிழக்கு நோக்கிய வழியில் ஒரு தடம்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். 1880-இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர், பேர்டு ஒன்றாகச் சேர்த்த இரண்டையும் பிரித்தார். அமெரிக்க விலங்குக்கு நியூரோட்ரைக்கஸ் என்ற தனிப் பேரினம் பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிய பெருநூலை எழுதிய குந்தர் இவர்தான். அதே காலத்தில், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் ஹக்கோடாட்டே துறைமுகத்தில் மர வியாபாரம் செய்துவந்த தாமஸ் பிளேகிஸ்டன் என்ற ஆங்கிலேயர் இன்னொன்றைக் கவனித்தார். தொழில் மரம்; ஆசை பறவை. ஹொக்கைடோவின் விலங்குகளும் பறவைகளும் சைபீரியாவைச் சேர்ந்தவை போலவும், குறுகிய சுகாரு நீரிணைக்குத் தெற்கே ஹொன்ஷூ தீவில் உள்ளவை வேறாகவும் இருப்பதை 1883-இல் அவர் எழுதினார். அந்த நீரிணை வழியே செல்லும் எல்லை இன்றும் பிளேகிஸ்டன் கோடு என்றே வழங்குகிறது. ஹிமிசு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஹொக்கைடோவில் மூஞ்சூறு அகழெலி மட்டுமல்ல, எந்த அகழெலியுமே இல்லை.

1886-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரெடரிக் ட்ரூ ஜப்பானிலிருந்து இன்னொரு சிறிய இனத்தை விவரித்தார். டைமெகோடான் என்ற அந்த விலங்கு பெரும்பாலும் உயர்ந்த மலைகளில், பாறைகளும் எரிமலைக் குழம்பு இறுகிய தரையும் உள்ள இடங்களில் வாழ்கிறது. பெரிய உறவான யூரோட்ரைக்கஸ் கீழுள்ள நல்ல மண்ணை எடுத்துக்கொண்டு அதை மேலே தள்ளியிருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். யூரோட்ரைக்கஸுக்குள்ளும் ஒரு பிளவு உண்டு. ஹொன்ஷூவின் நடுவில் குரோபே ஆறும் ஃபுஜி ஆறும் ஓடும் வரியை ஒட்டி, கிழக்கே ஒரு குரோமோசோம் அமைப்பும் மேற்கே இன்னொன்றும் காணப்படுகின்றன. வெளித்தோற்றத்தில் அந்த வேறுபாடு தெரியாது. ஆற்றையே எல்லையாகக் கொண்ட உயிர் கண்டம் கடந்தது என்றால், அது காலால் நடந்த பயணமாக மட்டும் இருக்க முடியாது. காடு நகர்ந்தது, காட்டோடு தலைமுறை தலைமுறையாக இதுவும் நகர்ந்தது.

புதைபடிவங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இத்தனை சிறிய விலங்கின் முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, நுண்ணிய சல்லடையில் நீர்விட்டு அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் பொறுக்க வேண்டும். பல், தாடைத் துண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் மேற்கை எலும்பு. அந்த மேற்கை எலும்புதான் அகழெலி ஆய்வாளரின் பொக்கிஷம். முழுநேரம் தோண்டும் அகழெலியில் அது அகன்று சதுரம் போல் இருக்கும்; மூஞ்சூறு அகழெலியில் அதைவிட ஒல்லி; யூராப்சிலஸில் இன்னும் ஒல்லி. விரல் நுனியில் அடங்கும் ஓர் எலும்பைப் பார்த்தே அதன் சொந்தக்காரர் எவ்வளவு மண் தள்ளினார் என்று சொல்லிவிடலாம்.

பல் மட்டும் கிடைத்தால் தடுமாற்றம் வரும். 1930-இல் அமெரிக்கப் பாலூட்டி ஆய்வாளர் ரேமண்ட் ஹால், நெவாடாவில் கிடைத்த ஒரு படிவத்தைப் புதிய வௌவால் பேரினமாக அறிவித்தார். மிஸ்டிப்டெரஸ் வெஸ்பர்டீலியோ என்று பெயர். பூச்சி தின்னும் சின்ன விலங்குகளின் பற்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் அந்தக் கணிப்பு நேர்ந்தது. பிறகு பார்த்தால் அது அகழெலிக் குடும்பம்; அதிலும் சிச்சுவானின் யூராப்சிலஸோடு சேர்த்து வைக்கப்படும் கிளை. பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயர் மாறாது. ஆகவே வௌவாலின் பெயர் இன்றும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீன மலைக் காட்டில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு கிளைக்கு அமெரிக்காவில் உறவு இருந்தது இப்படித்தான் தெரிந்தது. 1968-இல் ஹோவர்டு ஹட்சிசன் ஒரேகானின் பழைய அகழெலிகளை விரிவாக எழுதி, நியூரோட்ரைக்கஸ் பேரினத்துக்கு ஒரு புதைபடிவ இனத்தையும் சேர்த்தார்.

போலந்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளிலும் பிளவுகளிலும் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ஸ்டானிஸ்வாஃப் ஸ்கோசென் 1980-இல் நியூரோட்ரைக்கஸ் பொலோனிக்கஸ் என்ற இனத்தை அறிவித்தார். வாஷிங்டன் மாநிலத்து விலங்கின் பேரினம் போலந்தில்! மூன்றே ஆண்டுகளில் ஆசியாவிலிருந்து இன்னொரு துண்டு வந்தது. உள் மங்கோலியாவின் எர்தெம்தேயில் புதைபடிவங்களை முன்பே சேகரித்தவர் ஸ்வீடன் நிலவியலாளர் குன்னார் ஆண்டர்சன். சீன மருந்துக்கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்று விற்கப்பட்டவை எங்கிருந்து வருகின்றன என்று தடம்பிடித்தே பல படிவ இடங்களைக் கண்டறிந்தவர் அவர். சீனரும் ஜெர்மானியரும் சேர்ந்து 1980-இல் எர்தெம்தேக்கு மீண்டும் போனார்கள். அங்கே கிடைத்த அகழெலிகளை கெர்ஹார்ட் ஸ்டார்க்கும் சியூ சூதிங்கும் 1983-இல் வெளியிட்டபோது, நியூரோட்ரைக்கஸுக்கு மிக நெருங்கிய குயானியா என்ற பேரினம் அறிமுகமானது. காலம் மயோசீனின் இறுதி. இன்று புல்வெளியும் வறண்ட காற்றுமாக இருக்கும் அந்த நிலத்தில் அன்று மூஞ்சூறு அகழெலிகள் வாழ்ந்தன.

இதன்பின் போலந்து எலும்புகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். போலந்து ஆய்வாளர் பார்பரா ஜெபிக்-கோவல்ஸ்கா 2014-இல் அவற்றில் குயானியாவின் ஐரோப்பிய இனத்தை அடையாளம் கண்டார். 2016-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மேற்கை எலும்பின் வடிவத்தைக் கணித முறையில் அளந்து, ஸ்கோசெனின் இனம் அமெரிக்கப் பேரினத்திலிருந்து வேறு என்று முடிவுசெய்தார்கள். அதற்குப் புதிதாக வைத்த பேரினப் பெயர் ஜெபிகியா; வாழ்நாள் முழுவதும் இத்தகைய சிறு எலும்புகளைப் பொறுக்கிப் படித்த அந்த அம்மையாரின் பெயரால். அவருக்கு உரிய மரியாதை அது என்றே நினைக்கிறேன். பேரினம் வேறானாலும் உறவு உறவுதான். போலந்து முதல் உள் மங்கோலியா வழியாக ஒரேகான் வரை ஒரே குலத்தின் தடங்கள் இப்போது வரைபடத்தில் தெரிந்தன.

அந்தத் தடங்களை இணைத்தது ஈரம். மயோசீன் காலத்தில் வடக்கே மரங்கள் அடர்ந்திருந்தன. ஆசியாவையும் அலாஸ்காவையும் பெரிங் நிலப்பாலம் நெடுங்காலம் சேர்த்து வைத்திருந்தது. சருகு அழுகும் ஈரத்தரை எங்கெல்லாம் தொடர்ந்து இருந்ததோ அங்கெல்லாம் இவை பரவின. பிறகு பூமி குளிர்ந்தது, ஆசியாவின் உள்நிலம் காய்ந்தது, பனிப்பாறைகள் வந்து வந்து போயின. நடுவில் இருந்தவை அழிந்தன. பசிபிக்கின் ஈரக்காற்று நனைக்கும் ஜப்பானும் வட அமெரிக்காவின் மேற்கோரமும், பருவமழை நனைக்கும் தென்மேற்குச் சீன மலைகளும் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டன.

ஆனால் இந்த மூன்று இடத்தவையும் ஒரே மூதாதையின் வழிவந்தவையா? அனூரோசொரெக்ஸ் தந்த எச்சரிக்கை இங்கேதான் உதவியது. 2003-இல் ஜப்பானிய, கனடிய ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டபோது, அமெரிக்க நியூரோட்ரைக்கஸ் ஜப்பானிய உறவினர்களோடு சேராமல் தனியே நின்றது. தனித்தனியாகத் தோன்றி ஒன்றையொன்று ஒத்துப்போனவையோ என்ற ஐயம் வலுத்தது. 2017-இல் ஹ கை, அகியோ ஷினோஹாரா, கெவின் கேம்பெல் உள்ளிட்ட சீன, ஜப்பானிய, கனடிய, அமெரிக்க ஆய்வாளர்கள் குழு, அருங்காட்சியகப் பழைய தோல்களிலிருந்தும் மரபணுவை எடுத்து, பற்பல மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஜப்பானியவையும் அமெரிக்கவையும் தாவீது அனுப்பிய மற்றொரு சீன விலங்கான ஸ்கேப்டோனிக்ஸும் ஒரே குலம் என்று விடை வந்தது. யூராப்சிலஸ் அதில் சேரவில்லை. அது அகழெலிக் குடும்பத்தின் முதல் கிளையாகவே தனித்து நிற்கிறது. இன்னொரு வியப்பும் அதிலிருந்தே வந்தது: முழுக்க மண்ணுக்குள் வாழும் உடலை அகழெலிகள் பழைய உலகில் ஒருமுறையும் புதிய உலகில் ஒருமுறையும் தனித்தனியாக அடைந்திருக்கின்றன. நெருங்கிப் பார்க்கப் பார்க்க யூராப்சிலஸும் பெருகுகிறது. ஓரிரண்டு இனம் என்று எண்ணிய இடத்தில் மலைக்கு மலை வேறு இனங்கள் பிரிந்திருப்பது தெரிகிறது. கிழக்குச் சீனாவின் தாபியே மலைத்தொடரிலிருந்து 2021-இல்கூட ஒரு புதிய இனம் விவரிக்கப்பட்டது.

இந்தக் கதையில் மிகப் புதிய துண்டைத் தந்தது ஒரு சாலை வேலை. 2000 மே மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிரே என்ற ஊரருகே நெடுஞ்சாலையை அகலப்படுத்தியவர்கள் எதிர்பாராத கரிய களிமண்ணில் எலும்புகளைப் பார்த்தார்கள். மாநில ஆளுநர் சாலையை நகர்த்தச் சொன்னார், எலும்புகள் தப்பின. சுமார் 45 முதல் 49 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காட்டுக்கு நடுவே இருந்த நீர்க்குட்டையின் அடிமண் அது. நூற்றுக்கும் மேற்பட்ட டாபிர் விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. 2004-இல் ஒரு செம்பாண்டா இனம் அங்கிருந்து அறிவிக்கப்பட்டது. இன்று செம்பாண்டா வாழ்வது இமயமலையிலும் அதன் கிழக்கே சீனா வரையான மலைகளிலும் மட்டும். 2022-இல் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே களிமண்ணின் அகழெலிகளை வெளியிட்டார்கள். அவற்றில் குயானியா இருந்தது. அதுவும் ஜெபிக்-கோவல்ஸ்கா போலந்தில் அடையாளம் கண்ட இனத்தையே ஒத்த ஒன்று. கூடவே, இன்று ரஷ்யப் பகுதியிலும் பிரெனீஸ் மலைகளிலும் வாழும் நீர்வாழ் அகழெலிகளின் உறவு ஒன்று.

ஏசா கிரே ஜப்பானியச் செடிகளுக்கு உறவு தேடிக் கண்ட கிழக்கு அமெரிக்கக் காடு டென்னசி இருக்கும் இதே பக்கம்தான். அவர் பார்த்த செடிகள் அங்கே இன்றும் வளர்கின்றன. அகழெலிகளும் சில இருக்கின்றன: கிழக்கத்திய அகழெலி, மயிர்வால் அகழெலி, மூக்கைச் சுற்றிச் சதைக்கதிர்கள் கொண்ட நட்சத்திரமூக்கு அகழெலி. மூஞ்சூறு அகழெலி மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. கண்டத்தின் மறுகோடியில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கலிபோர்னியாவின் நடுப்பகுதி வரையான ஈரக்கரையில் அது நிற்கிறது. கிரே ஊரில் அகழாய்வு நடந்துகொண்டே இருக்கிறது. களிமண்ணை மூட்டை கட்டி, அலசி, சலித்து, அடுத்த மேற்கை எலும்பைத் தேடுகிறார்கள்.